தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்தான்

பக்கத்து வீட்டுத் தொல்லையை வெளியாள் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே அது சுருங்கிப் போகும். "மேல் வீட்டில் ராத்திரி பாட்டு வைக்கிறார்கள்." சரி, எந்த வீட்டில்தான் வைக்கவில்லை? "மாடிப்படியில் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்." எடுத்துப் போட வேண்டியதுதானே? "போகும்போதும் வரும்போதும் கதவை அறைந்து சாத்துகிறார்கள்." கதவென்றால் சத்தம் வராதா? ஒவ்வொன்றாக அடுக்கும்போது சொல்கிற நமக்கே கூச்சமாகிவிடும். இதற்கா இத்தனை புலம்பல் என்று கேட்பவர் நினைப்பது அவர் முகத்திலேயே தெரியும்.

ஆனால் அதே பாட்டும் அதே குப்பையும் அதே கதவும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஆள் நொடித்துப் போகிறார். தூக்கம் போகிறது. வேலையில் பிழை வருகிறது. கூட இருப்பவர்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறோம். மாலையில் வீடு திரும்பும்போது, தெருமுனையிலேயே மேல் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று கண் தேடுகிறது. வாடகை கொடுத்து இருக்கிற வீட்டுக்குள் நுழையவே தயக்கம் வருவதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொல்லையின் கனம் அதன் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சங்கம், காவல் நிலையம் என்று நாம் போய் நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் பார்ப்பது அன்றைக்கு நடந்த ஒரு சம்பவத்தை மட்டும்தான். அந்த ஒன்று எப்போதும் அற்பமாகத்தான் தெரியும். ஆகவே வாடகைக்கு இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தொடர்ச்சியைப் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது. சண்டை, கெஞ்சல், வீடு மாறுவது எல்லாம் அதற்குப் பிறகு.

இதை நான் பெரிதுபடுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 2007 அக்டோபரில் ஒரு தாய், மாற்றுத்திறனாளியான தன் மகளோடு சேர்ந்து இறந்துபோனார். அக்கம்பக்கத்து இளைஞர் கூட்டம் ஒன்று வருடக்கணக்கில் அவர்கள் வீட்டைச் சுற்றி நின்று கேலி பேசியது, கல்லெறிந்தது. அவர் 33 முறை காவல்துறையை அழைத்திருக்கிறார். 2009இல் நடந்த மரண விசாரணையில் காவல்துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் தவறியது வெளிவந்தது. ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிச் சின்னப் புகாராக எழுதப்பட்டு மூடப்பட்டிருந்தது. அத்தனையும் ஒரே குடும்பத்தின் மேல் விழுந்த ஒரே துன்பம் என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்நாட்டில் 2014இல் வந்த சட்டம், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு உரிமையைக் கொடுத்தது. ஆறு மாதத்துக்குள் மூன்று புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால், காவல்துறை, உள்ளாட்சி, வீட்டுவசதி அமைப்பு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அந்த வழக்கை முதலிலிருந்து பார்க்கும்படி அவர் கேட்கலாம். வழக்கைப் பிரித்துப் பார்க்காதே, சேர்த்துப் பார் என்பதைச் சட்டமாகவே எழுத வேண்டி வந்தது.

சரி, எது தொல்லை, எது சாதாரண வாழ்க்கைச் சத்தம்? இதில் நாம் நம்மோடு நேர்மையாக இருக்க வேண்டும். குழந்தை அழும். பாத்திரம் விழும். நடு இரவில் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போவார், தண்ணீர் ஓடும். இரவுப் பணி முடித்து வருபவர் மூன்று மணிக்குச் செருப்பைக் கழற்றுவார். இதெல்லாம் ஒருவர் தன் வீட்டில் வாழ்வதன் சத்தம். லண்டனின் சதக் பகுதியில் மாநகராட்சி வீடுகளில் இருந்த வாடகைதாரர்கள், பக்கத்து வீட்டில் நடப்பதெல்லாம் சுவர் வழியே கேட்கிறது என்று வழக்குப் போட்டார்கள். அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1999இல் அந்த வழக்கைத் தள்ளியது. அக்கம்பக்கத்தார் இயல்பாகத்தான் வாழ்கிறார்கள், குறை மெல்லிய சுவரில் இருக்கிறது, இயல்பாக வாழ்வதைத் தொல்லை என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வாடகைதாரருக்குக் கசப்பான தீர்ப்புதான். ஆனாலும் அது இழுக்கிற கோடு சரியான இடத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பது வேறு வகை. சொன்ன பிறகும் நிறுத்தாதது. அடுத்தவருக்கு உறைக்க வேண்டும் என்றே செய்வது. பொதுவழியை அடைப்பது, அங்கே குடித்துவிட்டுக் கிடப்பது, பெண்களைப் பார்த்து வசனம் பேசுவது, மிரட்டுவது, கதவில் உதைப்பது. இவற்றுக்கும் மெல்லிய சுவருக்கும் சம்பந்தம் இல்லை. செய்கிறவர் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம். ஒரு சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லும் முன் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி அதுதான்: அவர் நினைத்தால் இதை நிறுத்த முடியுமா? முடியாது என்றால், பேச வேண்டியது கட்டடத்தைப் பற்றி, வீட்டுக்காரரிடம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போடுவதும் தரையில் கனமான விரிப்பு போடுவதும் கீழ் வீட்டுக்குப் பெரிய நிம்மதி தரும். தட்டுகிற, இழுக்கிற சத்தம் தளத்துக்குள் நேராக இறங்கிவிடும். அதை மேலேயே மடக்கினால்தான் உண்டு. கீழே நாம் என்ன செய்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

எனக்கு வாய்த்தது மேல் வீட்டுப் பாட்டு. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. வரிகள் கேட்காது, ராகம் கேட்காது. தாளத்தின் அடி மட்டும் இறங்கி வரும். கட்டில் சட்டத்தில் கை வைத்தால் அதிர்வு உள்ளங்கையில் தெரியும். உயர்ந்த சுருதிகளைச் சுவரும் தளமும் நன்றாகவே தடுத்துவிடும். தாழ்ந்த அதிர்வுகள்தான் ஊடுருவிக்கொண்டு வரும். அதனால்தான் பாட்டு வைப்பவரின் அறையில் சாதாரணமாக இருக்கிற அதே ஒலி, கீழே படுத்திருப்பவருக்கு நெஞ்சில் இடிப்பது போல இருக்கிறது. வைப்பவர் "அவ்வளவு சத்தமா இல்லையே" என்று சொல்லும்போது பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை.

சத்தத்தை விடக் கொடுமையானது அதற்காகக் காத்திருப்பது. இன்றைக்கு இருக்குமா, இல்லையா? பதினொன்றுக்குத் தொடங்குமா, ஒரு மணிக்கா? அமைதியான இரவிலும் காது அந்தத் தாளத்தைத் தேடிக்கொண்டே விழித்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனைகளைப் படித்தபோது இது பிடிபட்டது. ஒழுங்கான இடைவெளியில் வந்த சத்தத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத சத்தம் ஆட்களை அதிகம் பாதித்தது. சத்தம் ஓய்ந்த பிறகு கொடுத்த வேலைகளில் கூட அவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். இன்னொரு குழுவிடம், வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொத்தானைத் தொடவே இல்லை. ஆனாலும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. நிறுத்த வழி இருக்கிறது என்ற எண்ணமே போதுமாக இருந்தது. வாடகைதாரரிடம் இல்லாதது அந்தப் பொத்தான்தான்.

முதலில் நேரில் போய்ப் பேசத்தான் வேண்டும். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ராத்திரி ஒரு மணிக்கு, அவர்கள் நண்பர்கள் முன்னால் போய் நின்று பேசாதீர்கள். அந்த நேரத்தில் நமக்கும் நிதானம் இருக்காது, நாலு பேர் பார்க்கும்போது இறங்கி வர அவர்களுக்கும் மனம் வராது. நான் மறுநாள் மாலை போனேன். கதவைத் திறந்த பையனிடம், "தம்பி, உங்கள் ஸ்பீக்கர் தரையில் இருக்கிறதா? அடி மட்டும் கீழே இறங்கி வருகிறது, பதினொரு மணிக்கு மேல் தூங்க முடியவில்லை" என்றேன். "அவ்வளவு கேட்குதாண்ணா? எங்களுக்குத் தெரியவே இல்லையே" என்றான். உண்மையாகத்தான் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் மெல்லத் திரும்பியது. இரண்டாம் முறை போனபோது கதவைத் திறந்தது வேறு ஒருவர். "வாடகை நாங்களும்தான் கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எதிராளி குடித்திருந்தால், முன்பு மிரட்டியிருந்தால், அங்கே போதைப்பொருள் கைமாறுகிறது என்று சந்தேகம் இருந்தால், நேரில் போகவே கூடாது. 'முதலில் போய்ப் பேசிப் பார்த்தீர்களா?' என்று புகார் வாங்குபவர்கள் கேட்பார்கள். பயமாக இருந்தது, அதனால் போகவில்லை என்பது முழுமையான பதில். அதற்காகத் தலை குனிய வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பெண்கள் குறிப்பாக இதை நினைவில் வைக்க வேண்டும்.

பேச்சு பலிக்கவில்லையென்றால் நோட்டுப் புத்தகம்தான். என் நோட்டிலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய் இரவு. 11:40க்குப் பாட்டு தொடங்கியது. படுக்கையறைக் கதவு, ஜன்னல் சாத்திய பிறகும் தாளம் கேட்டது, கட்டிலில் அதிர்வு. 1:15க்கு நின்றது. 1:50க்கு மறுபடி, 2:30 வரை. காலை வேலைக்குத் தாமதம். கீழ் வீட்டுப் பெரியவரும் விழித்திருந்தார், மாடிப்படியில் பார்த்தேன்."

அவ்வளவுதான். இதில் கோபம் இல்லை, திட்டு இல்லை, 'எப்போதும்', 'தினமும்', 'வேண்டுமென்றே' போன்ற சொற்கள் இல்லை. வேண்டுமென்றே செய்கிறாரா என்பது எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. எப்போது, என்ன, எவ்வளவு நேரம், அதனால் எனக்கு என்ன ஆனது, வேறு யார் கேட்டார்கள். இதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா இரவும் ஒரே மாதிரி ஆகிவிடும். படிப்பவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிமிடக் கணக்கு எழுதியே செத்துப்போகவும் வேண்டாம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ஒரு வாடகை வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெர்லினில் ஒரு கட்டடத்தில் சில வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டதால் வந்த சத்தமும் அசுத்தமும் பற்றிய வழக்கு. திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்கு விரிவான சத்தக் குறிப்பேடு கட்டாயமில்லை. என்ன மாதிரியான தொல்லை, நாளின் எந்தப் பொழுதில், ஏறக்குறைய எவ்வளவு நேரம், எவ்வளவு அடிக்கடி என்று விவரித்தால் போதும் என்றது அந்த நீதிமன்றம். இந்த நான்கையும் எந்த நாட்டு வீட்டுக்காரரிடமும் வைக்கலாம். தொடர்ச்சியைக் காட்ட இவை போதும்.

செல்போன் செயலியில் டெசிபெல் அளக்கலாமா என்று கேட்பார்கள். அளக்கலாம், ஆனால் அந்த எண்ணை நீதிமன்றச் சாட்சி போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். போன் ஒலிவாங்கிகள் ஆளுக்கொரு விதமாகக் காட்டும், தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்தே காட்டும். அமைதியான இரவில் எவ்வளவு, பாட்டு ஓடும்போது எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் அது உதவும். பத்து டெசிபெல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது பொதுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபெல்லுக்கு மேல் போகாமலும் திடீர்ச் சத்தங்கள் 45ஐத் தாண்டாமலும் இருந்தால் நல்ல தூக்கம் கிடைக்கும் என்று இருக்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபெல் என்று வரம்பு வைக்கின்றன. 'ராத்திரி பத்து மணிக்கு மேல்' என்று நாம் சொல்வது நம் தனிப்பட்ட விருப்பம் இல்லை, அதற்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல இந்த எண்கள் உதவும்.

ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் உங்கள் அறைக்குள் இருந்து. பொதுவழியில் கிடக்கும் குப்பையைப் படம் எடுங்கள். அவர்கள் கதவை நோக்கிக் கேமரா மாட்டுவது, வந்து போகும் ஆட்களைப் படம் பிடிப்பது, அவர்கள் குழந்தைகளைப் படம் எடுப்பது வேண்டாம். தொல்லை கொடுப்பவர் யார் என்ற கேள்வியே அங்கே திசை மாறிவிடும்.

நோட்டை யாரிடம் காட்டுவது? வாடகைக்கு இருப்பவருக்கு இங்கேதான் உண்மையான சங்கடம். சொந்த வீட்டுக்காரர் குரலை உயர்த்தலாம். நாம் உயர்த்தினால், 'பிடிக்கவில்லையென்றால் காலி செய்து கொள்ளுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கு இரண்டு குடித்தனமும் வாடகை தருகிறது. யார் சத்தம் போடுகிறார் என்பதைவிட யார் தன்னைத் தொந்தரவு செய்கிறார் என்பதே அவர் கண்ணில் படுகிறது. ஆக, தொல்லை கொடுப்பவர் இருப்பார், தொல்லையைச் சொன்னவர் கிளம்புவார். இந்த அநியாயத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி என்னால் நிதானமாகப் பேச முடிவதில்லை. முன்பணம் அவர் கையில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, புது வீட்டுக்கு மறுபடி தரகு கொடுக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் போட்டுத்தான் பல பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அதைப் பொறுமை என்று யாரும் புகழ வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. நான் போனில் சொல்லும்போதெல்லாம், "தம்பி, நாலு குடித்தனம் இருக்கிற இடம், முன்னே பின்னேதான் இருக்கும். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்பார். அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு அழைப்பும் புதிது, சென்ற மாத அழைப்பை அவர் மறந்திருப்பார். ஒரு நாள் நோட்டின் பக்கங்களை ஒரு தாளில் சுருக்கி எழுதி, வாடகை கொடுக்கப் போகும்போது கையில் கொடுத்தேன். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நான் எப்போது நேரில் பேசினேன், என்ன பதில் வந்தது. கடைசியில் நான் என்ன கேட்கிறேன் என்பது ஒரே வரியில்: பத்தரைக்கு மேல் பாட்டு வேண்டாம், ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வைத்து மேலிருந்து கீழே படித்தார். "இத்தனை நாளா தம்பி?" என்றார். இத்தனை முறை போனில் சொன்னதும் அந்தத் தாளில் இருந்ததும் ஒன்றேதான். அன்றைக்குத்தான் அவருக்கு அது மொத்தமாகக் கண்ணில் பட்டது.

எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். போனில் பேசினால், பேசி முடித்ததும், 'இன்று நீங்கள் சொன்னபடி மேல் வீட்டாரிடம் வாரக் கடைசிக்குள் பேசுவீர்கள் என்று நம்புகிறேன்' என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். உங்களுக்கு இருக்கிற அந்த வரி அவர்களுக்கும் இருக்கும். இரண்டு வீடும் ஒரே உரிமையாளருடையது என்றால் அவர் கையில் பிடி இருக்கிறது. வெவ்வேறு உரிமையாளர்கள் என்றால் உங்கள் தாள் அந்த இன்னொரு உரிமையாளரிடமும் சங்கத்திடமும் போக வேண்டும்.

வாடகையை நிறுத்திவிடலாமா என்ற யோசனை கோபத்தில் எல்லாருக்கும் வரும். ஜெர்மனியில் வீட்டின் பயன் குறைந்தால் வாடகையும் குறையும் என்று குடிமைச் சட்டத்தின் 536ஆம் பிரிவே சொல்கிறது, அக்கம்பக்கத்துச் சத்தமும் அதில் வரும். அங்கேகூட ஆலோசனை கேட்காமல் குறைப்பது ஆபத்து. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் வாடகையை நிறுத்துவது, உங்களை வெளியேற்ற வீட்டுக்காரருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுப்பதாகும். செய்யாதீர்கள்.

தனியாகப் போகாமல் இருக்க முடிந்தால் நல்லது. கீழ் வீட்டுப் பெரியவரும் தூங்காமல்தான் இருந்தார், ஆனால் தனக்கு வயதானதால் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட பிறகுதான், "அந்த அடி உங்களுக்கும் கேட்குதா?" என்றார். அவர் கையெழுத்தும் சேர்ந்த பிறகு தாளுக்கு எடை கூடியது.

நடுவர் வைத்துப் பேசும் வழியைப் பலர் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. வேலிச் சண்டை, அயலவர் தகராறு எல்லாம் அங்கே போகிறது. சிங்கப்பூரில் 1998 முதல் சமூக சமரச நிலையம் உண்டு. அது போதாதபோது போக, 2015இல் அயலவர் வழக்குகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் அமைத்தார்கள். நிறுத்தச் சொல்லி உத்தரவிடவும் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. மூன்றாம் ஆள் ஒருவர் முன்னால் உட்காரும்போது இருவருமே குரலைக் குறைத்துப் பேசுவார்கள், ஒத்துக்கொண்டது எழுத்தில் வரும். மிரட்டலும் வன்முறையும் இருக்கிற இடத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். அங்கே போக வேண்டியது காவல்துறைக்கு.

புகார் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மாநகராட்சி வீட்டில் இருந்த ஒருவர் பல ஆண்டுகள் பக்கத்து வீட்டுக்காரரின் மிரட்டலைப் பற்றிப் புகார் கொடுத்து வந்தார். 2001 ஜூலையில் மாநகராட்சி அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, இப்படியே தொடர்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று எச்சரித்தது. அவர் கோபத்தோடு திரும்பி வந்து புகார் கொடுத்தவரைத் தாக்கினார். அடிபட்டவர் சில நாட்களில் இறந்துபோனார். அப்படி ஒரு கூட்டம் நடக்கப்போவது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். சொல்லி எச்சரிக்க வேண்டிய கடமை மாநகராட்சிக்கு இல்லை என்று 2009இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சட்டம் கடமை இல்லை என்று சொன்னாலும், நாம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முன்பே மிரட்டல் இருந்த இடத்தில், 'அவர்களிடம் பேசப்போகும் நாளை எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். அன்றைக்கு வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

இன்னொரு ஆபத்து நம் காதில் இருக்கிறது. மேல் வீட்டில் பொருள் உடைகிறது, கத்தல் கேட்கிறது, பெண் அழுகிறாள். அதை 'சத்தத் தொல்லை' என்று புகாரில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், அடிக்கடி போலீஸ் வர நேரும் வீட்டுக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கும் தொல்லைச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர்களுக்கு அனுப்பப்பட்ட நோட்டீசுகளை மேத்யூ டெஸ்மண்ட், நிக்கோல் வால்டெஸ் என்ற ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறை அழைப்புகளால் வந்தவை என்று 2013இல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்கிறது. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் எடுத்த நடவடிக்கை, அடிபட்ட பெண்ணையே காலி செய்யச் சொல்வது. பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் அப்படி ஒரு விதி இருந்தது. நான்கு மாதத்தில் மூன்று முறை போலீஸ் வந்தால் வீட்டுக்காரரின் உரிமம் போகலாம். 2012இல் உடைந்த கண்ணாடியால் கழுத்தில் குத்துப்பட்ட ஒரு பெண், வீடு போய்விடும் என்ற பயத்தில் போலீசைக் கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டதால்தான் உதவி வந்தது. வழக்குக்குப் பிறகு 2014இல் அந்த விதி நீக்கப்பட்டது.

அதனால்தான் ஆளைப் பற்றி எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'கல்யாணமாகாத பசங்க', 'அவங்க ஆட்களே அப்படித்தான்', 'அந்தப் பொம்பளை வீட்டுக்கு யார் யாரோ வர்றாங்க' என்று தொடங்குகிற புகார் அநேகமாகத் தொல்லையைப் பற்றியதே அல்ல. வாடகைச் சந்தையில் ஏற்கெனவே யார் யாருக்கெல்லாம் வீடு மறுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். நம் நோட்டு அந்தப் பட்டியலை நீளமாக்கக் கூடாது. எனக்குத் தூக்கம்தான் வேண்டும். மேல் வீட்டுப் பையன்கள் வீடிழக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா அன்றைக்கே செய்திருப்பார், அடுத்த முறை எனக்கும் அதையே செய்திருப்பார்.

என் கதையில் பெரிய வெற்றி இல்லை. அம்மா மேலே போய்ப் பேசினார், ஒப்பந்தத்தில் இருக்கிற வரியைக் காட்டினார். ஸ்பீக்கர் தரையிலிருந்து மேசைக்கு ஏறியது, அடியில் கனமான மெத்தை ஒன்று போட்டார்கள். வார நாட்களில் பத்தரைக்கு மேல் பாட்டு நின்றது. சனிக்கிழமைகளில் சில நேரம் தவறும். அப்போது செய்தி அனுப்புவேன், குறைப்பார்கள். நோட்டு எழுதுவது மெல்ல நின்றது. தூக்கம் முழுசாகத் திரும்ப அதற்கப்புறமும் வெகு நாளானது. காது அவ்வளவு எளிதில் காவலை விடுவதில்லை.

எல்லாம் செய்தும் மாறாத இடங்கள் உண்டு. அப்படியானால் கிளம்பிவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. கிளம்பும்போது நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காலி செய்வதற்கு முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தால், ஏன் போகிறீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. அடுத்த வீட்டைப் பகலில் ஒரு முறை பார்த்தால் போதாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை போய் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்புறம் அதே கேள்வியைப் பக்கத்துக் குடித்தனத்திலும் கேளுங்கள்.